ஃபோர்டு லைட்னிங் டிரக் (1999–2004): அறிகுறி பார்த்துக் கோளாறு நீக்கும் வழிமுறை

ஃபோர்டின் எஸ்விடி என்ற வேகவண்டிப் பிரிவுக்காக, கனடாவின் ஒன்டாரியோவிலுள்ள ஓக்வில் ஆலையில் 1999 முதல் 2004 வரை தயாரான எஃப்-150 லைட்னிங் இன்று கைக்கு வரும்போது பெரும்பாலும் இரண்டில் ஒரு நிலையில்தான் இருக்கும். ஒன்று, கொட்டகையில் பல வருடம் நின்றிருக்கும். அல்லது, முந்தைய உரிமையாளர் சின்ன புல்லி (பெல்ட் சக்கரம்), டியூன் (எஞ்சின் கம்ப்யூட்டரில் திருத்தம்) எல்லாம் போட்டு ஓட்டித் தள்ளியிருப்பார். எந்த நிலையில் வந்தாலும் முதல் வேலை ஒன்றுதான்: வண்டியைத் தொழிற்சாலை அளவுகளுக்குக் கொண்டுவந்து நிறுத்துவது. 8 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்குப் பவுண்டு) பூஸ்டில், அதாவது சூப்பர்சார்ஜர் தள்ளும் காற்றழுத்தத்தில், ஒழுங்காக ஓடாத எஞ்சின் 12 பிஎஸ்ஐயில் ஓடாது, உடையும்.

வண்டியின் அடிப்படை விவரம்: 5.4 லிட்டர் வி8, வார்ப்பிரும்பு பிளாக், அலுமினிய ஹெட், சிலிண்டருக்கு 2 வால்வு, கம்ப்ரஷன் 8.4:1. மேலே ஈட்டன் எம்112 சூப்பர்சார்ஜர் (காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளுவது, ப்ளோவர் என்றும் சொல்வார்கள்), அதற்கு அடியில் அந்தக் காற்றை ஆற்ற நீரால் குளிரும் இன்டர்கூலர். 1999, 2000 வண்டிகளுக்கு 360 குதிரைத்திறன், 2001 முதல் 380. கியர்பாக்ஸ் 4ஆர்100, நாலு வேக ஆட்டோமேட்டிக். சிலிண்டர் எண்கள் பயணி பக்கம் முன்னிருந்து பின்னாக 1, 2, 3, 4. ஓட்டுநர் பக்கம் 5, 6, 7, 8.

எதையும் கழற்றும் முன் எஞ்சினைச் சூடேற்றி ஐந்து அளவுகளை எழுதி வையுங்கள்: ஐடிலில் (மிதிக்காமல் எஞ்சின் ஓடும்போது) வேக்குவம் (17 முதல் 20 அங்குலப் பாதரசம் நல்லது), கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் திருத்தமான நீண்டகால ஃப்யூயல் ட்ரிம் இரண்டு பக்கமும் (கூட்டியோ குறைத்தோ 5 சதவீதத்துக்குள் இருந்தால் நிம்மதி, 10-ஐத் தாண்டினால் தேட வேண்டும்), முழு ஆக்சிலரேட்டரில் பூஸ்ட், பெட்ரோல் ரெயில் (இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் தரும் குழாய்) அழுத்தம், இன்டர்கூலருக்குப் பிறகு காற்றின் சூட்டைச் சொல்லும் ஐஏடி2. இதற்கு வண்டிக் கம்ப்யூட்டரில் மாட்டி, ஓடும்போது அளவுகளை லாக்காகப் பதிவு செய்யும் ஓபிடி-2 ஸ்கேன் டூல், மெக்கானிக்கல் பெட்ரோல் கேஜ், கையால் இழுக்கும் வேக்குவம் பம்ப், டார்க் ரெஞ்ச் போதும். டாஷ்போர்டிலுள்ள பூஸ்ட் மீட்டரைத் தீர்ப்பாக எடுக்காதீர்கள், தனி கேஜ் மாட்டிப் பாருங்கள். ஆயில் மீட்டரும் அப்படித்தான். அதற்குப் பின்னால் இருப்பது வெறும் ஸ்விட்ச். அழுத்தம் ஓரளவுக்கு மேல் இருந்தால் முள் நடுவில் நின்றுவிடும், உண்மையான அளவைக் காட்டாது.

நெடுநாள் நின்ற வண்டி, கிளம்ப மறுக்கிறது

சாவியைப் போடுவதற்கு முன் ஏர் ஃபில்டர் பெட்டியையும் த்ராட்டில் வரை போகும் குழாயையும் கழற்றி உள்ளே பாருங்கள். எலிக்கூடு, பஞ்சு, ஃபில்டர் துணுக்கு எதுவானாலும் சாதாரண எஞ்சினில் வால்வுவரை போய் எரியும். இங்கே நேராக ப்ளோவருக்குள் சுழலும் ரோட்டர்களுக்கு நடுவே போய்ச் சிக்கும். இரண்டு ரோட்டர்களுக்கும் இடையே இருப்பது மயிரிழை இடைவெளிதான், ஒரு சின்னத் திருகாணி போதும் ப்ளோவரை முடிக்க.

பழைய பெட்ரோலை முழுக்க இறக்குங்கள். எத்தனால் கலந்த பெட்ரோல் நாள்பட நின்றால் ஈரத்தை இழுத்து அடியில் தனியாகப் பிரிந்துவிடும். மேலே புதுசை ஊற்றிக் கலப்பதால் அது சரியாவதில்லை. பிளக்குகளைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஆயில் விட்டு, கிராங்க் போல்ட்டில் ஸ்பேனர் போட்டு முன்னிருந்து பார்க்கும்போது கடிகாரச் சுற்றில் இரண்டு முழுச் சுற்று கையால் சுற்றுங்கள். தடை வந்தால் நிறுத்துங்கள். தடை தந்தது பெல்ட் வழியாகச் சுழலும் ப்ளோவரா, எஞ்சினா என்று தெரிய, பெல்ட்டைக் கழற்றி ப்ளோவர் புல்லியைத் தனியாகக் கையால் சுற்றிப் பாருங்கள்.

ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, ஆனால் எஞ்சின் பிடிக்கவில்லை என்றால், சாவியை ஆன் நிலைக்குத் திருப்பியதும் டேங்க் பக்கம் ஒன்றிரண்டு நொடி 'உம்ம்' சத்தம் கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் வரிசை இது: ஃப்யூஸ், ரிலே, பயணி காலடியில் பக்கவாட்டுப் பலகைக்குள் இருக்கும் இனர்ஷியா ஸ்விட்ச் (மோதலில் பெட்ரோலைத் துண்டிப்பதற்கானது, மேலே பட்டன் எழும்பி நின்றால் அழுத்திவிடுங்கள்), பிறகு பம்புக்கு மின்சாரம் தரும் பெட்டியான பெட்ரோல் பம்ப் டிரைவர் மாட்யூல். ஸ்கேன் டூலில் பி1233 என்ற பிழைக் கோடு வந்தால் அந்த மாட்யூல் பேசவில்லை என்று அர்த்தம். உப்பு போட்ட சாலையில் ஓடிய வண்டிகளில் அதன் பிளக் முனைகள் பச்சை பூத்துக் கிடக்கும். முதலில் அதைச் சுத்தம் செய்து பார்த்துவிட்டு மாட்யூலை வாங்குங்கள். திருட்டு எச்சரிக்கை விளக்கு வேகமாகச் சிமிட்டினால் இதெல்லாம் வேண்டாம், சாவிச் சிப் பிரச்சினை.

ஐடில் ஏறி இறங்குகிறது, பி0171, பி0174

இரண்டு பக்கமும் சேர்ந்து லீன் (காற்றுக்குப் பெட்ரோல் குறைவு) கோடு வந்தால் பொதுவான ஒரு காரணம் இருக்கிறது. ட்ரிம் அளவை ஐடிலில் ஒருமுறை, 2,500 ஆர்பிஎம்மில் ஒருமுறை பாருங்கள். ஐடிலில் +15, 2,500-ல் +3 என்று இறங்கினால் எங்கோ காற்று ஒழுகி உள்ளே வருகிறது. ஐடிலில் சரியாக இருந்து வேகம் கூடக் கூட ட்ரிம் ஏறினால் பெட்ரோல் போதவில்லை, அல்லது உள்ளே போகும் காற்றை அளக்கும் மாஸ் ஏர் ஃப்ளோ சென்சர் அழுக்கேறிக் குறைத்துச் சொல்கிறது.

காற்று ஒழுகும் இடம் பத்தில் எட்டு முறை பிசிவி (எஞ்சின் உள்புகையைத் திரும்ப இழுக்கும் வழி) ரப்பர் முழங்கைதான். ப்ளோவருக்குப் பின்னால் சூட்டிலேயே கிடந்து மெத்தென்று ஊறிப்போய் அடிப்பக்கம் கிழிந்திருக்கும். மேலிருந்து பார்த்தால் முழுசாகத் தெரியும், விரலை அடியில் விட்டுத் தடவ வேண்டும். அடுத்து ஐடில் ஏர் வால்வின் கேஸ்கட், த்ராட்டில் பாடி கேஸ்கட், பைபாஸ் ஆக்சுவேட்டரின் மெல்லிய ஹோஸ்கள். புகை ஏற்றி ஒழுகும் இடம் தேடும் ஸ்மோக் டெஸ்ட் செய்தால் 1 பிஎஸ்ஐ போதும். பூஸ்ட் தாங்கும் எஞ்சின்தானே என்று அதிகம் ஏற்றினால் பிசிவி வழியாக ஆயில் சீல்களைத் தள்ளிவிடும்.

இழுவை இல்லை, பூஸ்ட் 8-ஐத் தொடவில்லை

பூஸ்ட் குறைகிறது என்றதும் ப்ளோவரைக் கழற்ற ஓடுபவர்கள் அதிகம். எம்112 நல்ல முரட்டு சாமான், அது தேய்ந்துபோய் பூஸ்ட் குறைவது கடைசியில் பார்க்க வேண்டியது. முதலில் பைபாஸ் வால்வு.

வேலை செய்யும் விதம் இது. மெதுவாக ஓட்டும்போது மேனிஃபோல்டில் (சிலிண்டர்களுக்குக் காற்று பிரியும் பகுதி) வேக்குவம் இருக்கும். அந்த வேக்குவம் ஆக்சுவேட்டரின் டயஃப்ரத்தை இழுத்து பைபாஸைத் திறக்கும். ப்ளோவர் தள்ளிய காற்று திரும்ப அதன் வாய்க்கே போய்ச் சுற்றும். ஆக்சிலரேட்டரை மிதித்ததும் வேக்குவம் போய்விடும், ஸ்பிரிங் வால்வை மூடும், பூஸ்ட் ஏறும். ஆகவே சோதனை சுலபம்: எஞ்சின் நின்றிருக்கும்போது ஆக்சுவேட்டர் கம்பி முழுக்கத் திரும்பி அதன் தடுப்பில் உட்கார்ந்திருக்க வேண்டும். ஐடிலில் இழுபட்டு நிற்க வேண்டும். எஞ்சின் நின்றபோதும் கம்பி பாதியில் நின்றால் வால்வு சரியாக மூடவில்லை, பூஸ்ட் 5, 6 என்று வரும். தண்டில் கரி படிந்து இறுகியிருக்கும். கார்ப் கிளீனர் அடித்துக் கையால் ஆட்டி விடுவித்து, தடுப்புத் திருகாணி யாராவது திருகி வைத்ததா என்றும் பாருங்கள்.

ஐடிலில் கம்பி அசையவே இல்லை என்றால் டயஃப்ரம் கிழிந்திருக்கிறது, அல்லது ஹோஸ் கழன்றிருக்கிறது. இந்த நிலையில் பூஸ்ட் குறையாது. மெதுவாகப் போகும்போதே ப்ளோவர் ஊளையிடும், உள்ளே போகும் காற்று எந்நேரமும் சூடாக இருக்கும், பெட்ரோல் செலவு கூடும். கை வேக்குவம் பம்பை மாட்டி இழுத்து ஒரு நிமிடம் பிடித்திருங்கள். முள் இறங்கினால் ஆக்சுவேட்டரை மாற்ற வேண்டியதுதான்.

பைபாஸ் சரியாக இருந்தால் அடுத்தது பெல்ட். லாக்கில் பூஸ்ட் நடு வேகத்தில் 8-ஐத் தொட்டு 4,500-க்கு மேல் 6-க்கு விழுந்தால் பெல்ட் வழுக்குகிறது. புல்லியைச் சுற்றிக் கறுப்புப் பொடி, பெல்ட்டின் உள்பக்கம் கண்ணாடி மாதிரி பளபளப்பு, இரண்டும் சாட்சி. பெல்ட்டுக்கு மருந்து அடிக்கும் ஸ்ப்ரே வேண்டாம், ஒரு வாரத்தில் இன்னும் மோசமாக வழுக்கும். டென்ஷனரைக் கையால் தள்ளிப் பாருங்கள், தொளதொளத்தால் மாற்றுங்கள். புல்லிகள் ஒரே தளத்தில் நிற்கின்றனவா என்று நேர்விளிம்பு வைத்துப் பாருங்கள். முன் கவரில் எஞ்சின் ஆயில் கசிந்து பெல்ட்டில் படிந்தால், அதை அடைக்கும் வரை புது பெல்ட் வாங்கிப் பயனில்லை.

பூஸ்ட் வழக்கத்தைவிட அதிகம், ஆனால் வண்டி ஓடவில்லை

இந்த அறிகுறி பலரையும் ஏமாற்றும். பூஸ்ட் என்பது எஞ்சினுக்குள் போன காற்றின் அளவல்ல, போக முடியாமல் மேனிஃபோல்டில் தேங்கி நிற்கும் காற்றின் அழுத்தம். புல்லி மாறாத வண்டி 10 பிஎஸ்ஐ காட்டினால் சந்தோஷப்படாதீர்கள், புகைவழி அடைபட்டிருக்கலாம். முன் ஆக்சிஜன் சென்சரைக் கழற்றி அந்தத் துளையில் அழுத்தக் கேஜ் மாட்டுங்கள். ஐடிலில் 1.5 பிஎஸ்ஐக்குக் கீழும், 2,500 ஆர்பிஎம்மில் 3-க்குக் கீழும் இருக்க வேண்டும். கூடினால் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் உருகி அடைத்திருக்கிறது. அது ஏன் உருகியது என்று தேடாமல் புதுசை மாட்டினால் புதுசும் உருகும். காரணம் பெரும்பாலும் நெடுநாள் மிஸ்ஃபயர் (சிலிண்டரில் எரியாமல் விடுவது).

இதே காரணத்தால்தான் நல்ல ஹெட்டர் (புகை எளிதாக வெளியேறும் குழாய்த் தொகுதி) மாட்டிய வண்டியில் பூஸ்ட் ஒரு பிஎஸ்ஐ குறைந்து வேகம் கூடுகிறது. குறைந்த அந்த ஒரு பிஎஸ்ஐயைத் திரும்பப் பிடிக்கப் புல்லியைச் சின்னதாக்க வேண்டாம்.

முழு ஆக்சிலரேட்டரில் கணகணவென்று நாக்கிங், காற்று–பெட்ரோல் விகிதம் லீனாகிறது

காலை எடுத்துவிடுங்கள், அந்த நிமிடமே. இந்த எஞ்சினின் பிஸ்டன்கள் ஹைப்பர்யூடெக்டிக் (சிலிக்கன் அதிகமுள்ள அலுமினிய) வார்ப்பு, கனெக்டிங் ராடுகள் பவுடர் மெட்டல் (உலோகத் தூளிலிருந்து செய்தவை). நாக்கிங்கை, அதாவது சிலிண்டரில் பெட்ரோல் தானாக வெடிப்பதை, பொறுத்துக்கொள்ளும் சரக்கு அல்ல.

முதலில் டேங்கில் உள்ள பெட்ரோல். அமெரிக்க பம்ப் கணக்கில் 91-க்குக் குறையக் கூடாது. அது சரியென்றால் ரெயில் அழுத்தத்தைப் பாருங்கள். இங்கே கொஞ்சம் கணக்கு புரிந்துகொள்ள வேண்டும். லைட்னிங்கில் ரிட்டர்ன் குழாய் கிடையாது. ரெயிலில் உள்ள சென்சருக்கு மேனிஃபோல்டிலிருந்து ஒரு சின்ன ஹோஸ் வருகிறது. ரெயில் அழுத்தத்துக்கும் மேனிஃபோல்டு அழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசம் சுமார் 40 பிஎஸ்ஐ இருக்கும்படி கம்ப்யூட்டர் பம்பின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிறது. ஸ்கேன் டூலில் இந்த 40 எப்போதும் ஏறக்குறைய அப்படியே நிற்க வேண்டும். மெக்கானிக்கல் கேஜில் அப்படி நிற்காது. ஐடிலில் 18 அங்குல வேக்குவம் என்றால் அது ஏறக்குறைய 9 பிஎஸ்ஐ, எனவே கேஜ் 31 காட்டும். 8 பிஎஸ்ஐ பூஸ்டில் 48 காட்ட வேண்டும்.

பூஸ்டில் கேஜ் 40-லேயே நின்று ஸ்கேன் டூலும் 40 என்று சொன்னால், அந்தச் சின்ன ஹோஸ்தான் குற்றவாளி. வெடித்தோ கழன்றோ போயிருக்கிறது. சென்சர் வெளிக்காற்றோடு ஒப்பிட்டுப் பார்த்து எல்லாம் சரி என்று நினைக்கிறது. ஆனால் இன்ஜெக்டரின் மறுபக்கம் 8 பிஎஸ்ஐ எதிர்த்து நிற்பதால் உண்மையில் கிடைப்பது 32. கோடு எதுவும் வராமல் பிஸ்டனை ஓட்டை போடக்கூடிய கோளாறு இது. அரையடி ஹோஸ், இரண்டு சின்ன கிளிப் போதும் சரிசெய்ய. பழைய வண்டி எதுவானாலும் கேட்காமலே இதைப் புதுசாக மாற்றிவிடுங்கள்.

ஸ்கேன் டூலிலும் வித்தியாசம் 40-லிருந்து விழுகிறது என்றால் பம்பின் பக்கம் போங்கள். ஃப்ரேமிலுள்ள பெட்ரோல் ஃபில்டரை மாற்றுங்கள். லோடில் பம்ப் பிளக்கில் வோல்டேஜ் அளந்து, பேட்டரியில் அளந்ததோடு ஒப்பிடுங்கள். எர்த் வயர் முனை துருப்பிடித்து ஒரு வோல்ட் தின்றாலே உச்ச வேகத்தில் பெட்ரோல் குறையும். டேங்கில் இரண்டு பம்ப் இருப்பதை மறக்காதீர்கள். ஒன்று செத்தால் ஊருக்குள் ஓட்டும்போது எந்த வித்தியாசமும் தெரியாது, முழு மிதியில் மட்டும் லீனாகும். இரண்டையும் தனித்தனியாக மின்சாரம் கொடுத்துக் கேளுங்கள்.

எல்லாம் சரியானபின் முழு மிதியில் காற்று–பெட்ரோல் விகிதத்தைக் காட்டும் வைட்பேண்ட் மீட்டர் 11.5-லிருந்து 11.8-க்குள் நின்றால் நிம்மதியாக ஓட்டலாம்.

முதல் ஓட்டம் நன்றாக, அடுத்தடுத்து சோர்வு

சூடு. மேனிஃபோல்டில் காற்று சூடானதும் கம்ப்யூட்டர் ஸ்பார்க்கைப் பின்னுக்கு இழுக்கிறது. சீராக ஓட்டும்போது ஐஏடி2 வெளிச்சூட்டைவிட 10 முதல் 20 டிகிரி செல்சியஸ் கூடுதலாக இருந்தால் வழக்கம். ஒரு முழு மிதியில் ஏறி, பிறகு ஓரிரு நிமிடத்தில் இறங்கிவிட வேண்டும். ஏறி இறங்காமலே நின்றால் இன்டர்கூலர் நீர் சுற்றவில்லை.

எஞ்சின் ஆறியிருக்கும்போது இன்டர்கூலர் நீர் ஊற்றும் மூடியைத் திறந்து, எஞ்சினைக் கிளப்பி உள்ளே பாருங்கள், நீர் கலங்கி ஓட வேண்டும். ஓடவில்லை என்றால் பம்ப் பிளக்கில் 12 வோல்ட் வருகிறதா என்று அளந்துவிட்டு பம்பை மாற்றுங்கள். ஓடுகிறது, ஆனால் குமிழி விட்டுக்கொண்டே இருக்கிறது என்றால் காற்று சிக்கியிருக்கிறது. வண்டியின் முன்பக்கத்தை ரேம்பில் ஏற்றி, மூடியைத் திறந்துவைத்து பம்பை ஓடவிட்டு, ஹோஸ்களைப் பிசைந்துகொண்டே நிரப்புங்கள். கூலன்ட்டும் காய்ச்சி வடித்த நீரும் பாதிப்பாதி. இந்த நீரை ஆற்ற முன்னால் உள்ள ஹீட் எக்ஸ்சேஞ்சரின் தகடுகளில் பூச்சியும் தூசியும் அடைத்திருந்தால் பின்பக்கமிருந்து முன்னோக்கித் தண்ணீர் அடித்துக் கழுவுங்கள்.

இன்டர்கூலர் நீர் குறைகிறது, கீழே ஒரு சொட்டும் இல்லை

ஓட்டுவதை நிறுத்துங்கள். இன்டர்கூலர் உட்கார்ந்திருப்பது மேனிஃபோல்டுக்குள். அது ஒழுகினால் நீர் நேராகச் சிலிண்டருக்குத்தான் போகும். ராத்திரி முழுக்க ஒரு சிலிண்டரில் தேங்கி, காலையில் ஸ்டார்ட்டர் சுற்றினால், நீர் அமுங்காது, ராடு வளையும். காலையில் வெள்ளைப் புகை, ஸ்டார்ட்டர் ஒரு நொடி தயங்குவது, இனிப்பான வாசனை, இவற்றில் ஒன்று இருந்தாலும் சந்தேகப்படுங்கள்.

இன்டர்கூலரின் இரண்டு ஹோஸ்களையும் கழற்றி ஒரு முனையை அடைத்து, மறுமுனையில் கைப் பம்பால் 15 பிஎஸ்ஐ ஏற்றி அரை மணி நேரம் விடுங்கள். முள் அசையாமல் நிற்க வேண்டும். இறங்கினால் எட்டு பிளக்கையும் கழற்றி, துணியைத் துளைகளின் மேல் போட்டு, பெட்ரோலைத் துண்டித்துவிட்டு ஸ்டார்ட்டரைச் சுற்றித் தண்ணீரை வெளியே தள்ளியபின்தான் மற்ற வேலை. ப்ளோவரைத் தூக்கி இன்டர்கூலரை மாற்றும்போது, மேனிஃபோல்டுக்கு அடியில் பின்பக்கம் போகும் ஹீட்டர் ஹோஸையும் மாற்றிவிடுங்கள். ஹோஸின் விலை கொஞ்சம்தான், அதற்காகப் பிறகு மறுபடியும் எல்லாவற்றையும் கழற்றுவது ஒரு நாள் வேலை.

அந்த ஹீட்டர் ஹோஸ் பக்கத்துக் கசிவால் 4-ஆம் சிலிண்டரின் பிளக் கிணற்றில் கூலன்ட் தேங்குவதும் உண்டு. மழைக்கும் கழுவலுக்கும் சம்பந்தமில்லாமல் பி0304 (4-ஆம் சிலிண்டர் மிஸ்ஃபயர்) திரும்பத் திரும்ப வந்தால், பிளக்கின் மேலுள்ள காயிலைத் தூக்கி அதன் ரப்பர் உறையின் நுனி ஈரமா, பச்சைக் கறையா என்று பாருங்கள். காயிலை மட்டும் மாற்றினால் ஒரு மாதம் தாங்கும்.

ஐடிலில் முன்பக்கம் கரகர சத்தம்

டப்பாவுக்குள் கோலிக்குண்டு உருட்டுவது போல் கேட்கும், கொஞ்சம் ரேஸ் பண்ணினால் மறையும். புல்லித் தண்டையும் ரோட்டர் கியரையும் இணைக்கும் கப்ளரின் துளைகள் தேய்ந்து அகன்றிருக்கின்றன. ப்ளோவர் பெல்ட்டைக் கழற்றிச் சில நொடிகள் மட்டும் எஞ்சினை ஓட்டிப் பாருங்கள், சத்தம் போய்விட்டால் இதுதான். புல்லியை முன்னும் பின்னும் கையால் ஆட்டினாலும் ரோட்டர் பிடிக்கும் முன் வெற்று ஆட்டம் தெரியும்.

இது அவசரக் கோளாறு அல்ல, மாதக்கணக்கில் ஓட்டலாம். ஆனால் சத்தம் சுழற்சியோடு சேர்ந்து ஏறும் ஊளையாக மாறினால் அது பேரிங், அதைத் தள்ளிப்போட முடியாது. ரோட்டர் உடலைத் தொட்டுவிடும்.

கப்ளர் மாற்றும் வழி: ப்ளோவரின் முன் மூக்கிலுள்ள மூடித் திருகியைக் கழற்றி ஆயிலை ஊசியால் உறிஞ்சி எடுங்கள். முகர்ந்தால் குமட்டும், அது வழக்கம்தான். உலோகத் துகள் மின்னுகிறதா என்பதைப் பாருங்கள், மின்னினால் கியரையும் பேரிங்கையும் பார்க்க வேண்டும். மூக்கின் போல்ட்களைக் கழற்றி, சுற்றியுள்ள நெம்பும் இடங்களில் மட்டும் நெம்பிப் பிரியுங்கள், ஒட்டும் முகத்தில் ஸ்க்ரூடிரைவர் வைத்தால் கோடு விழுந்து ஒழுகும். பழைய சீலன்ட்டை முழுக்கச் சுரண்டிவிட்டு, மெல்லிய கோடாகப் புது சீலன்ட் வைத்து மூடுங்கள். உருண்டையாக வழிந்த சீலன்ட் உள்ளே விழுந்தால் கியருக்குள் போகும். ஆயில் சூப்பர்சார்ஜருக்கென்றே விற்கும் சிந்தெடிக் ஆயில்தான். எஞ்சின் ஆயிலோ கியர் ஆயிலோ கூடாது. வண்டி சமதளத்தில், ஆறிய நிலையில், நிரப்பும் துளையின் மரையின் அடிவிளிம்பு வரை ஊற்றுங்கள். அதற்கு மேல் ஊற்றினால் சூட்டில் சீலைத் தள்ளி வெளியே வரும்.

'டப்'பென்று வெடித்தபின் 'சுஃப் சுஃப்' சத்தம்

பிளக் பறந்துவிட்டது. இந்த ஹெட்களில் பிளக்கைப் பிடிப்பது சுமார் 4 சுற்று மரைதான், பூஸ்டில் ஓடும் எஞ்சினுக்கு இது ரொம்பக் குறைவு. எஞ்சினை அணையுங்கள். காயிலும் உடைந்திருக்கும்.

சரிசெய்ய, மேலே விளிம்பு வைத்த திட இரும்பு இன்சர்ட் (உள்ளே மரை உள்ள உறை) போடுங்கள், டைம்-செர்ட் மாதிரி. கம்பிச் சுருள் வகை இந்த இடத்தில் மறுபடியும் பிளக்கோடு சேர்ந்து பிடுங்கிக்கொண்டு வரும். பிஸ்டனைக் கீழே இறக்கி வையுங்கள். டேப்பின் வெட்டுக்குழிகளில் கிரீஸ் அப்பி, அரைச் சுற்று திருகி வெளியே எடுத்துத் துடைத்து மறுபடியும் அப்புங்கள். இந்த இடத்தில் பொறுமை இழந்தால் அலுமினியத் துருவல் சிலிண்டருக்குள் போகும். முடிந்ததும் மெல்லிய குழாய் மாட்டிய வேக்குவம் கிளீனரால் உறிஞ்சி, பிளக் இல்லாமல், பெட்ரோல் துண்டித்து ஸ்டார்ட்டரைச் சில சுற்று சுற்றுங்கள். இன்சர்ட்டின் விளிம்பு ஹெட்டில் முழுக்க உட்கார்ந்ததா என்று விளக்கடித்துப் பாருங்கள். இன்சர்ட்டைப் பிடிக்கத் தடவிய ஒட்டுப்பசை காயும்வரை கிளப்பாதீர்கள்.

மற்ற ஏழு பிளக்குகளையும் அப்போதே சோதியுங்கள். எஞ்சின் முழுக்க ஆறிய பிறகு, கிணற்றில் காற்றடித்து மணலை வெளியேற்றிவிட்டுத்தான் கழற்ற வேண்டும். பழைய சர்வீஸ் அளவு 7 முதல் 15 பவுண்டு-அடி, அது போதாது என்பது இந்த எஞ்சினில் கைபழகியவர்களின் ஒருமித்த முடிவு. மரை நல்ல நிலையில், உலர்ந்து இருந்தால் 28 பவுண்டு-அடி, அதாவது 38 நியூட்டன்-மீட்டர். ஆன்ட்டி-சீஸ் (மரை ஒட்டிக்கொள்ளாமலிருக்கும் பசை) தடவினால் அதே அளவில் பிளக் அதிகமாக இறுகும், மரை போய்விடும்.

ஆறிய எஞ்சினில் டிக் டிக், சூடானதும் மறைகிறது

எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு ஸ்டட் உடைந்திருக்கிறது, பெரும்பாலும் கடைசி சிலிண்டர் பக்கம். சூட்டில் இரும்பு விரிந்து இடைவெளி மூடுவதால் சத்தம் மறைகிறது. நட்டை வெல்டிங் வைத்து அது ஆறும்போது மெதுவாகத் திருகி எடுப்பதே பாதுகாப்பான வழி. உடைந்த ஸ்டட்டைத் திருகி எடுக்கும் ஈஸி-அவுட் உள்ளே உடைந்தால் ஹெட்டையே கழற்ற வேண்டி வரும்.

ஓவர்டிரைவ் விளக்கு சிமிட்டுகிறது

கோடு படியுங்கள். பி0741 அல்லது பி1744 என்றால் எஞ்சினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் டார்க் கன்வெர்ட்டரின் கிளட்ச் வழுக்குகிறது. சூடான எஞ்சின் ஐடிலில், பார்க் நிலையில் கியர்பாக்ஸ் ஆயில் அளவு பாருங்கள். மெர்கான் 5 ஊற்றலாம். ஆயில் கறுத்துக் கருகிய வாடை வந்தால் கியர்பாக்ஸின் அடித்தட்டைக் கழற்றுங்கள். அடியில் சாம்பல் நிறப் பசை கொஞ்சம் இருப்பது இயல்பு, உலோகச் செதில் இருந்தால் கியர்பாக்ஸ் பிரிக்க வேண்டியதுதான். கன்வெர்ட்டர் மாற்றினால் கூலரையும் கழுவவோ மாற்றவோ வேண்டும், பழைய துகள் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

துருவைப் பற்றி ஒரு வார்த்தை. ஒன்டாரியோவிலும் அமெரிக்காவின் வடக்கிலும் ஓடிய வண்டி என்றால், எஞ்சினுக்குச் செலவழிக்கும் முன் பின் லீஃப் ஸ்பிரிங்கின் ஷேக்கிள் தாங்கியைச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். மந்தமான சத்தம் வந்தால் துரு உள்ளே தின்றுவிட்டது. பிரேக் குழாய்களும் அப்படியே. இவை முடியாமல் சூப்பர்சார்ஜரைத் தொடுவது பணத்தை வீணடிப்பது.

புல்லி மாற்றியபின் வரும் கோளாறுகள்

புல்லியைத் தனியாக மாற்றக் கூடாது, டியூனோடு சேர்த்தே மாற்ற வேண்டும். அதற்கு முன் பிளக்குகள் ஒரு படி குளிர்ந்த வகையாக, இடைவெளி 0.035 அங்குலம் (0.9 மி.மீ.) இருக்க வேண்டும். பூஸ்ட் ஏறியபின் முழு மிதியில் மட்டும் மிஸ்ஃபயர் வந்தால், காயிலைத் திட்டுமுன் இந்த இடைவெளியை அளந்து பாருங்கள். பெரிதாக இருந்தால் அழுத்தக் காற்று தீப்பொறியை ஊதி அணைக்கிறது.

பூஸ்ட் 12 காட்டியும் முன்னைவிட மெதுவாக ஓடினால், ப்ளோவரின் சுழற்சியைக் கணக்கிடுங்கள்: எஞ்சின் ஆர்பிஎம்மை கிராங்க் புல்லி விட்டத்தால் பெருக்கி, ப்ளோவர் புல்லி விட்டத்தால் வகுத்தால் போதும். கிராங்க் புல்லி 7.5 அங்குலம், ப்ளோவர் புல்லி 3 அங்குலம் என்றால் 5,200-ல் ப்ளோவர் 13,000 சுற்றும். 2.76 போட்டால் ஏறக்குறைய 14,130. எம்112-க்கு 14,000 சுற்றுவாக்கில் எல்லை. அதைத் தாண்டினால் பூஸ்ட் ஏறுவது காற்றைவிடச் சூட்டால்தான். ஐஏடி2 லாக்கில் இது தெளிவாகத் தெரியும். பெரிய ஹீட் எக்ஸ்சேஞ்சரும் வலுவான பம்பும் சின்ன புல்லியைவிட அதிகம் கொடுக்கும்.

மாஸ் ஏர் ஃப்ளோ சென்சரின் வோல்டேஜ் 5-ஐ நெருங்கி அங்கேயே நின்றுவிட்டால், அதற்கு மேல் வரும் காற்றைக் கம்ப்யூட்டர் அறியவில்லை. பெட்ரோலும் கூடாது. 1999, 2000 வண்டிகளின் சின்ன மீட்டரில் இது சீக்கிரம் வரும், 2001 முதல் வந்த 90 மி.மீ. மீட்டரை மாட்டி டியூனைத் திருத்துவது வழக்கமான தீர்வு. இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரம் 85 சதவீதத்தைத் தாண்டுகிறதா என்பதையும் அதே லாக்கில் பாருங்கள்.

ராடுகளைப் பற்றிக் கடைசியாக. சக்கரத்தில் 450 குதிரைத்திறனை நெருங்கியதும் தொழிற்சாலை ராடுகள் ஆபத்து எல்லைக்குள் போகின்றன, கீழ் வேகத்திலேயே முழு டார்க் தரும், எம்112 போன்ற ரூட்ஸ் வகை ப்ளோவரில் இன்னும் சீக்கிரம். அதற்கு மேல் வேண்டுமென்றால் அடித்த இரும்பு ராடும் ஃபோர்ஜ்டு பிஸ்டனும் போட்டு எஞ்சினைக் கட்டிய பிறகுதான். அதுவரை, புது டியூனுக்குப் பிறகு முதல் லாக்கை மூன்றாம் கியரில், 2,500-லிருந்து மெதுவாக ஏற்றி எடுங்கள். விகிதம் 12-க்கு மேல் போனாலோ, நாக் ரிடார்டு (நாக்கிங்குக்காக ஸ்பார்க்கைப் பின்னுக்கு இழுப்பது) தொடர்ந்து விழுந்தாலோ, ரெயில் வித்தியாசம் 40-லிருந்து இறங்கினாலோ உடனே காலை எடுத்து, பழைய புல்லியை மாட்டிவிட்டு இந்த வரிசையின் பெட்ரோல் பகுதிக்குத் திரும்புங்கள்.